பங்குனி ஆமையின் தாய்வழி



ஒரு மேடையில் ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம். "ஒடிசாவிலே லட்சக்கணக்கில் ஆமை முட்டையிடக் கரை ஏறுது, சென்னையிலே நாலு செத்தா என்ன?" என்றார். நாலா? 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் செத்து ஒதுங்கியவை ஆயிரத்துக்கு மேல்! ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததே, மறந்துவிடுமா?

அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆமையின் உடம்பே சொல்லிவிட்டது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் மரபுப்பொருள் ஒன்று உண்டு, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்பார்கள். பெண் ஆமை தான் பொரிந்த கடற்கரைப் பக்கமே முட்டையிடத் திரும்புகிறது. அதனால் ஒவ்வொரு கடலோரத்துத் தாய்வழிக்கும் தனி அடையாளம் படிகிறது. துளி ரத்தமோ, துண்டுத் தோலோ போதும், குலம் தெரிந்துவிடும்.

1988-இல் நம் சென்னை மாணவர்கள் ஒரு ஆமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வக விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2004-இல் அவர் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? கிழக்குக் கடற்கரை நெடுக, ஏறத்தாழ 2000 கிலோமீட்டருக்கு, மரபணுவில் பிரிவினை தெரியவில்லை! ஒடிசாவில் கூட்டமாக ஏறுவதும் இங்கே ஒற்றையாக ஏறுவதும் ஒரே குடும்பம். இங்கே செத்த ஒவ்வொன்றும் அந்தக் குடும்பத்துக்கு விழுந்த இழவு. இன்னொன்றும் சொன்னார்கள்: மற்றப் பெருங்கடல்களில் இன்று வாழும் பங்குனி ஆமைகளுக்கு மூலக்கிளையே இந்தப் பக்கத்தில் இருக்கலாம் என்று!

இந்தக் கைதட்டலில் பாதி இன்னொருவருக்குச் சேர வேண்டும். மரபணுச் சோதனையெல்லாம் இங்கே வருவதற்கு முன்பே, இந்தியக் கரையை ஆமைக்காகக் கால்நடையாய் அளந்த மனிதர் அவர். சென்னையில் பொறியியல் படிக்க வந்து, படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர். 1982-இல் லட்சத்தீவின் சுஹேலியில், ஆளில்லாத தீவில், மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்தார். படகு வராது. மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்து அலையில் விட்டார். 24 நாளில் இலங்கை மீனவர் ஒருவர் கையில் அது கிடைத்தது. அவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார்! அந்த மீனவருக்கும் ஒரு கைதட்டல்!

அந்தப் புட்டிக்குள் விலாசம் இருந்தது போலத்தான் ஆமைக்குள்ளும். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா ஓரத்தில் பெருந்தலை ஆமைக் குட்டிகள் ஏராளம் மேய்ந்தன. அந்தக் கரையிலோ ஒரு கூடுகூடக் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளைகள்? 1995-இல் பிரையன் போவன் என்ற விஞ்ஞானியின் குழு மரபணுவைப் பார்த்தது. ஏறக்குறைய எல்லாம் ஜப்பான் வாரிசு! அடுத்த வருஷம் அதெலிதா என்ற ஆமையின் முதுகில் கருவி கட்டி விட்டார்கள். பசிபிக்கைக் கடந்து ஜப்பான் பக்கம் போய்ச் சேர்ந்தது. மெக்சிகோ வலையில் செத்தால் ஜப்பான் கரையில் கூடு குறையும் என்பது அப்போதுதான் விளங்கியது. பிற்பாடு இரண்டு நாட்டு மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். அரசாங்கம் பேசுவது வேறு; வலை பிடித்த கையும் வலை பிடித்த கையும் பேசுவது வேறு!

அங்கே நடுவில் ஒரு பெருங்கடல். ஒடிசாவுக்கும் நமக்கும் நடுவில் ஆந்திரக் கரை மட்டும்தானே! ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை ஏறுகிறது. மீன்பிடித் தடை தொடங்குவதோ ஏப்ரல் 15. அந்த இடைவெளியில்தான் இழுவை மடியில் மாட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. ஆமை வெளியேறும் வழி வைத்த மடி உண்டு. அதற்கான செலவை மீனவர் தலையில் கட்டாதீர்கள் என்று இருபது வருஷமாகச் சொல்கிறோம், கேட்பாரில்லை!

ஆகவே ஒரு தீர்மானம். நம் விசைப்படகுக்காரர்களையும் ஆந்திர, ஒடிசா மீனவர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, அந்த நான்கு மாதத்துக்கு மடி எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்று பேச வேண்டும். மடி மாற்றும் செலவை அரசு ஏற்க வேண்டும். அடுத்த பங்குனிக்கு முன்பே! ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசை அண்ணே, நீங்களும்!