பொது மென்பொருட் பணியிற் புகுதல்

1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இன்று எவரும் வாசிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். நம் வாலிபர்களோ, முதலிலேயே பெருங்காரியஞ் செய்யவேண்டுமென்று எண்ணித் தயங்குகின்றனர். அது வேண்டுவதன்று. விளக்கவுரையில் ஒரு சொற்பிழையை நீக்குதலும் பணியே. திருத்தத்தோடு அதன் காரணத்தையுந் தெளிவாக எழுதித் தம் பெயரால் ஒப்பமிடல் வேண்டும். இவ்வழக்கம் 2004 முதல் அங்குண்டு. எவருக்கு அனுப்புவதென்பதை ‘மெயின்டெயினர்ஸ்’ என்னுங் கோப்பே கூறும்.

நிற்க. நம்மவர் பெரிதும் அஞ்சுவது, பலரறியப் பிழை சுட்டப்படுதலையே. ஒருமுறை மறுக்கப்பட்டதும், பரீக்ஷையில் தவறினாற்போல் நாணி விலகிய வாலிபர் சிலரை நாம் அறிவோம். அந்தோ! கைதேர்ந்தோர் திருத்தங்களும் அங்கே திருப்பப்படுகின்றனவே! அவர்கள் குறைகளைச் சீர்செய்து, இரண்டாம் வடிவமென்று குறித்து மீண்டும் அனுப்புகின்றனர். மறுமொழியே வாராவிடின், குறைந்தது ஒரு வாரங் காத்திருந்து பணிவாக நினைவூட்டுதல் அவ்விடத்து முறை.