ஸின்க்குக்குக் கீழே ஒரு வால்வு: குடிநீர் ஃபில்டர் மாட்டும் முன்



மயிலாப்பூர்ல ஒரு சமையலறையில, ஸின்க்குக்கு அடியில குனிஞ்சு பார்த்தா எத்தனை குழாய் தெரியும்? மாட வீதிகளைச் சுத்தி இருக்கிற பழைய வீடுகளில் கறுத்துப்போன ஜி.ஐ. குழாய். பக்கத்துல எழும்பின அடுக்குமாடியில் க்ரீம் கலர் சி.பி.வி.சி. வெளிநாட்டு பாணியில் கட்டின ஒண்ணு ரெண்டு வீடுகளில் காப்பர். ஃபில்டர் வாங்கும் முன்னாடி, நம்ம வீட்டுல இருப்பது எதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

இதுக்கு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற காந்தம் போதும். குழாய்ல ஒட்டினா ஜி.ஐ. ஒட்டலைன்னா ஓர் ஓரத்தில் நாணயத்தால லேசா சுரண்டுங்க. செம்பு நிறத்துல மினுக்குனா காப்பர். அப்படியே போன்ல ரெண்டு மூணு போட்டோ எடுத்து வைங்க. ஹார்டுவேர் கடைக்காரர்கிட்ட "அந்த வளைஞ்ச சாமான்"னு கையால காட்டுறதை விட போட்டோ காட்டுறது நல்லது.

காப்பர் குழாயில் ஃபில்டர் மாட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளில் எடுத்தவை. பிரிட்டன்ல வீட்டுக்குள்ள வர்ற காப்பர் குழாய்க்கு வெளிவிட்டம் 15 மி.மீ. அமெரிக்காவில் அரை அங்குலம்னு சொல்ற காப்பர் குழாயோட வெளிவிட்டம் கிட்டத்தட்ட 15.9 மி.மீ. நம்ம அரை அங்குல ஜி.ஐ. குழாய்க்கோ சுமார் 21 மி.மீ. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. வீடியோவைப் பார்த்து ஆன்லைன்ல ஃபிட்டிங் வாங்கினவங்க அதைத் திருப்பி அனுப்புறதுக்கு இதுதான் காரணம். குழாயைக் குத்தி ஓட்டை போட்டு, கிளாம்ப் மாதிரி பிடிச்சுக்கிற வால்வும் அந்த வீடியோக்களில் வரும். அது வேண்டாம்னுதான் சொல்வேன். ரப்பர் இறுகினா கசியும். அடைப்பு வந்தா உள்ளே சுத்தம் பண்ணவும் வழியில்ல.

நல்ல செய்தி என்னன்னா, பெரும்பாலான வீட்டுல குழாயை வெட்டவே தேவையில்ல. ஸின்க்குக்குக் கீழே சுவத்துல ஆங்கிள் காக் இருக்கும். அதுல இருந்து ஒரு ஹோஸ் மேலே குழாய்க்குப் போகும். ஆங்கிள் காக்குக்கும் ஹோஸுக்கும் நடுவுல, ஃபில்டரோட வர்ற பித்தளை அடாப்டரை மாட்டினா போதும். அதன் பக்கவாட்டுல சின்ன பால் வால்வு, அதுல இருந்து கால் அங்குல பிளாஸ்டிக் ட்யூப் ஃபில்டருக்கு. பின்னாடி இருக்கிற குழாய் காப்பரா இருந்தாலும் ஜி.ஐ.யா இருந்தாலும் வேலை இதேதான். ஒண்ணே ஒண்ணு: ஜி.ஐ.யையும் காப்பரையும் நேரடியா சேர்த்தீங்கன்னா, தண்ணீர் பட்டதும் ஜி.ஐ. பக்கம் சீக்கிரம் அரிக்கும். நடுவுல ஒரு பித்தளை ஃபிட்டிங் இருந்தா அரிப்பு குறையும்.

வேலை தொடங்கும்போது மாடியில் டேங்க்ல இருந்து வர்ற வால்வை மூடணும். அடுக்குமாடின்னா ஒரே லைன் எல்லா தளத்துக்கும் இறங்கும், அதனால கீழ்வீட்டு மாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்க. அப்புறம் ஆங்கிள் காக்கை ஒரு ரெஞ்சாலயும் நட்டை இன்னொரு ரெஞ்சாலயும் பிடிச்சுத்தான் திருகணும். நாப்பது வருஷ ஜி.ஐ. நிப்பிள் உள்ளே துருவேறிப் பேப்பர் மாதிரி ஆகியிருக்கும். ஒரே ரெஞ்சை வச்சு முறுக்கினா அது சுவத்துக்குள்ளேயே முறியும். டைல்ஸை உடைச்சாத்தான் எடுக்க முடியும். பழைய வீடு, ஆங்கிள் காக் அசையவே மாட்டேங்குதுன்னா அங்கேயே நிறுத்திட்டு பிளம்பரைக் கூப்பிடுங்க.

எந்தத் தண்ணீர் லைன்ல மாட்டுறோம்? இதுதான் நான் முக்கியமா பேச வந்த விஷயம். சென்னையில நிறைய வீட்டுல மெட்ரோ வாட்டர் சம்ப்புக்குள்ள போகும், போர்வெல் தண்ணி மேல் டேங்குக்குப் போகும். சில வீட்டுல ரெண்டும் கலந்தே இருக்கும். மயிலாப்பூர் கடலுக்குப் பக்கம்கிறதால பல இடத்துல போர் தண்ணி உப்பு. சமையலறைக் குழாய்க்கு எந்தத் தண்ணி வருதுன்னு தெரியாம ஃபில்டர் வாங்கக் கூடாது.

ஒரு டி.டி.எஸ். மீட்டரை வச்சு அளந்து பாருங்க. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரப்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேற ஆதாரம் இல்லாத இடத்துல 2000 வரை அனுமதி. 500-க்குக் கீழே இருந்தா ஆர்.ஓ. தேவையில்ல, வண்டல் ஃபில்டரும் கார்பனும் யு.வி.யும் போதும். தண்ணீர் வீணாவதைக் காரணம் காட்டி, 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதே வருஷக் கோடையில்தான் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தை வச்சுக்கிட்டு நாம லாரிக்குக் காத்து நின்னோம். ஆர்.ஓ. கட்டாயம் வேணும்னா, வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடிச்சுத் தரை துடைக்கலாம். ஆர்.ஓ.வில் சுத்தமான தண்ணீரைத் திரும்ப காப்பர், ஜி.ஐ. குழாய் வழியா எடுத்துட்டுப் போகாதீங்க. உப்பு குறைஞ்ச தண்ணீர் உலோகத்தை அரிக்கும். தனிக் குழாய்க்குப் பிளாஸ்டிக் ட்யூப்தான்.

டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. தண்ணியில் நாத்தம், கலங்கல், கறுப்பு நிறம் இருந்தா கழிவுநீர் கலந்திருக்கலாம். அதை ஃபில்டர் பார்த்துக்கும்னு விட்டுடாதீங்க. குடிக்கிறதை நிறுத்திட்டு, சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 அல்லது 044-45674567 எண்ணுக்குப் புகார் சொல்லுங்க. தெரு, கதவு எண், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, பக்கத்து வீட்டுலயும் இப்படியா, இதெல்லாம் சேர்த்துச் சொன்னா கசிவு எங்கேன்னு தேட வசதி. புகார் எண்ணைப் போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. பரிசோதனை செய்யணும்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. எந்தப் பாட்டிலில் எப்படி எடுத்துட்டு வரணும், கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல கேட்டுட்டுப் போங்க.

இன்னொண்ணு. அழுத்தம் குறைவா இருக்குன்னு தெரு லைன்ல நேரா மோட்டார் போடாதீங்க. அது விதிமீறல்; அக்கம்பக்கத்துத் தண்ணீரை இழுக்கும், கசிவு இருக்கிற இடத்துல வெளி அழுக்கையும் குழாய்க்குள்ள உறிஞ்சும். மேல் டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். டேங்குக்கு நேர் கீழ்வீட்டுல அழுத்தம் ரொம்பக் குறைவா இருக்கும், அதுக்குத்தான் ஆர்.ஓ.வுக்குள்ள சின்ன பம்பு இருக்கு.

மாட்டி முடிச்சதும் கார்பன் தூள் போகும்வரை தண்ணீரைத் திறந்து விடுங்க, ஆர்.ஓ.ன்னா முதல் டேங்க் முழுசையும் கொட்டிடுங்க. ராத்திரி ஒவ்வொரு ஜாயிண்டுக்குக் கீழேயும் ஒரு டிஷ்யூ பேப்பர் வச்சுட்டுப் படுங்க. காலையில் எந்தப் பேப்பர் ஈரமோ, அந்த ஜாயிண்டுக்கு மட்டும் இன்னொரு சுத்து டெஃப்லான் டேப். ஊருக்குப் போறீங்கன்னா அந்தச் சின்ன பால் வால்வை மூடிட்டுக் கிளம்புங்க.