ஏழு பேரையும் பிரிக்காதவர்கள்



1844ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து ஓரிகனை நோக்கிக் கூண்டு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. ஒரு வண்டியில் ஹென்றி சேகர், மனைவி நவோமி, ஆறு பிள்ளைகள். ஏழாவது குழந்தை வழியிலேயே பிறந்தது. ஒன்பது வயது கேத்தரின் ஓடும் வண்டியிலிருந்து குதித்தபோது பாவாடை சிக்கி விழுந்தாள்; சக்கரம் ஏறிக் கால் முறிந்தது. அந்தக் கால் ஆறுவதற்குள் தகப்பனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. கிரீன் ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் தாயும் போய்விட்டாள். மூத்தவன் ஜான், மீசைகூட அரும்பாத சிறுவன்.

இதை நாவலாக்கியபோது, அந்த ஜானே தம்பி தங்கைகளைத் தனியாளாய் மலை தாண்டி நடத்திப் போனான் என்று ஆக்கிவிட்டார்கள். நடந்தது அதைவிடப் பெரியது, ஐயா! வண்டிக் கூட்டத்தின் தலைவர் வில்லியம் ஷாவும் அவர் மனைவியும் தங்கள் ரொட்டியில் அந்த ஏழு பேருக்கும் பங்கு வைத்தார்கள். டேகன் என்ற ஜெர்மானிய வைத்தியர் அவர்களைப் பார்த்துக்கொண்டார். கைக்குழந்தையைப் பெண்கள் மாறி மாறிச் சுமந்தார்கள். இவர்கள் யாரும் மிச்சமிருந்து கொடுத்தவர்கள் அல்லர்.

வாலா வாலாவுக்கு அருகே மிஷன் நடத்திய மார்க்கஸ் விட்மன், நார்சிஸா தம்பதி, ஏழு பேரையும் ஏற்றார்கள். தன் ஒரே மகளை 1839இல் ஆற்றுக்குப் பறிகொடுத்தவள் நார்சிஸா.

மூன்றே ஆண்டுகள். வந்தேறிகளோடு வந்த தட்டம்மை, அந்த மண்ணுக்குரிய கேயூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வாரிக்கொண்டது. வைத்தியரான விட்மன் நஞ்சிடுகிறார் என்ற பேச்சு பரவியது. நிலம் பறிபோகும் அச்சமும் சேர்ந்தது. 1847 நவம்பரில் கேயூஸ் ஆட்கள் சிலரின் தாக்குதலில் விட்மன் தம்பதியும், ஜானும், அவன் தம்பி பிரான்சிஸும் கொல்லப்பட்டார்கள். தங்கை லூயிசா தட்டம்மையில் இறந்தாள். கேயூஸ் குடில்களிலும் அன்று பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்காகவும் இந்த மேடையில் நான் துக்கப்படுகிறேன்.

மிஞ்சிய நான்கு சகோதரிகளை வெவ்வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு ஆறாத இடம் இதுதான். பாலைவெளியில், பசியில், ஏழு பேரைப் பிரிக்காமல் கொண்டுவர முடிந்தது. ஊர் வந்தபின் நான்கு பேரைச் சேர்த்து வைக்க முடியவில்லை!

பிள்ளை வளர்க்க முன்வரும் அன்பர்களே, இல்லம் நடத்தும் பெரியோரே, உங்களை வேண்டுகிறேன்: அண்ணனும் தங்கையுமாக வந்து நிற்கும் குழந்தைகளில் ஒன்றை மட்டும் கைப்பிடித்து அழைத்துப் போகாதீர்கள்.