கதிரியக்கம் தொட்டால் ஒட்டுமா?



சாதாரணப் பொருளைக் கதிரியக்கமுள்ளதாக ஆக்க முடியுமா என்பதே நான் பேச வந்த விஷயம். முடியும். ஆனால் நம் ஜனங்கள் நினைக்கிறபடி அல்ல.

கதிரியக்கம் என்றால் என்ன? ஒவ்வோர் அணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. அந்தக் கரு நிலைகொள்ளாமல் தானாகவே கதிரை வெளிவிட்டு மாறுவதுதான் கதிரியக்கம். ரேடியத்துக்கு அது இயற்கையிலேயே உண்டு. நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கு இல்லை.

அந்த அலுமினியத்தையே 1934-ல் பாரிசில் ஐரீன் கியூரி அம்மையாரும் அவர் கணவர் பிரடெரிக் ஜோலியோவும் கதிரியக்கமுள்ளதாக ஆக்கினார்கள். பொலோனியத்திலிருந்து வரும் ஆல்பாத் துகள்களை அலுமினியத் தகட்டின்மேல் பாய்ச்சினார்கள். பொலோனியத்தை அப்புறப்படுத்திய பின்னும் தகடு கதிர் விட்டுக்கொண்டேயிருந்தது! அலுமினியக் கரு சில, ஆல்பாத் துகளை விழுங்கி, நியூட்ரானைத் துப்பி, புதுவகைப் பாஸ்பரசாக மாறியிருந்தன. அது சுமார் 2½ நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. "நாங்கள் சொல்கிறோம், நம்புங்கள்" என்றார்களா? இல்லை. தகட்டை அமிலத்தில் கரைத்து, கதிரியக்கம் பாஸ்பரசோடு வாயுவாய்ப் பிரிவதைச் சில நிமிஷத்துக்குள் மெய்ப்பித்தார்கள். 1935-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அணு உலையில் சாதாரணக் கோபால்ட் உலோகத்தை வைத்து, நியூட்ரான்களைப் பாயவிட்டு, கோபால்ட் 60 செய்கிறார்கள். அதன் கதிர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவுகிறது.

இங்கேதான் தோழர்களே, நம் மடமை தலைகாட்டுகிறது. "கரண்ட் வைத்த உடம்பு" என்று சொல்லி, சிகிச்சை முடிந்து வந்த தாயிடம் பிள்ளையைக் கொடுக்க அஞ்சுகிறார்கள். அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் போடுகிறார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கோபால்ட் கதிருக்கு அவள் உடம்பின் அணுக்கருவை மாற்றும் சக்தி கிடையாது. விளக்கை அணைத்தபின் சுவர் வெளிச்சம் விடுகிறதா?

கதிரியக்க அயோடினையே மருந்தாக உட்கொண்டவர்கள் சங்கதி வேறு. அந்த அயோடின் 131 உடம்புக்குள் இருந்து கதிர் விடும். 8 நாளைக்கு ஒருமுறை பாதியாகும். ஆகையால் டாக்டர் சொல்லும் நாள்வரை விலகியிருக்கத்தான் வேண்டும். ஆனால் இது தீட்டல்ல, கணக்கு. கணக்குக்கு அளக்கக் கருவியுண்டு, முடிவும் உண்டு. தீட்டுக்கு எந்தக் கருவி இருக்கிறது?

ஆகவே அளந்து பார்த்து அஞ்சுங்கள். அளக்காமல் ஒரு தாயையும் ஒதுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.