வெறுமையான இருக்கை: மாணவர் வரவும் பெற்றோர் பொறுப்பும்



பிள்ளைகளின் கல்விக்காகக் கடுங்குளிரையும் இரட்டை வேலையையும் தாங்கிக்கொண்ட சமூகம் தமிழ்ச் சமூகம். ஆயினும், ரொறன்ரோவிலிருந்து கிழக்கே விட்பி வரை பரந்து வாழும் குடும்பங்களில், பிள்ளை இன்று வகுப்பறையில் இருந்ததா என்ற எளிய வினாவுக்கு விடையறியாத பெற்றோரும் உள்ளனர்.

ஒன்ராறியோவில் 6 முதல் 18 வயது வரை கல்வி கட்டாயமானது. 16 ஆக இருந்த மேல் எல்லை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 18 ஆக உயர்ந்தது. பாடசாலை ஆண்டு குறைந்தது 194 நாட்களைக் கொண்டது. மாதம் 2 நாட்கள் தவறினால் பத்து மாதங்களில் 20 நாட்கள் கழிந்துவிடும். அது ஆண்டின் பத்தில் ஒரு பங்கிற்கும் அதிகம். உயர்நிலைப் பாடசாலையில் ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலக் கல்வி. நாள்தோறும் நடைபெறும் ஒரு பாடத்தை வாரம் ஒருமுறை தவறவிடும் மாணவர், 22 மணித்தியாலங்களை இழக்கிறார்.

வராமை எப்போதும் சோம்பல் அன்று. சக மாணவரின் கேலி, பதற்றம், பாடத்தில் பின்தங்கிய வெட்கம், புதிய மொழியின் சுமை, இரவு வேலையின் களைப்பு, தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு ஆகியவை அதன் பின்னே மறைந்திருக்கலாம். தவணைக் காலத்தில் மேற்கொள்ளும் தாயகப் பயணமும் இக்கணக்கிலேயே சேரும். ஆகவே "ஏன் போகவில்லை?" என்று அதட்டுவதிலும், "அங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்பதே பயன் தரும்.

பிள்ளை வராதபோது பாடசாலை வீட்டுக்கு அறிவிக்கிறது. ஆனால் ஆங்கிலப் படிவத்தை நிரப்பியவர் பிள்ளை என்றால், அங்குள்ள தொலைபேசி இலக்கம் யாருடையது? அதனைப் பெற்றோர் இன்றே சரிபார்த்தல் வேண்டும். 18 வயதை எட்டிய மாணவர் தமது வராமைக்குத் தாமே கையொப்பமிடலாம் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. வகுப்பாசிரியரையும் வழிகாட்டல் ஆலோசகரையும் நேரில் சந்திப்பது அவமானமன்று. விட்பியில் தலைமையகம் கொண்ட டுறம் மாவட்டக் கல்விச் சபை உட்பட, ஒவ்வொரு சபைக்கும் வரவு ஆலோசகர் இருத்தல் வேண்டும் என்பது கல்விச் சட்டத்தின் ஏற்பாடு.

இளையோர்களே, துன்பத்தை மறைத்து வகுப்பைத் தவிர்ப்பதால் துன்பம் குறைவதில்லை, பாடச்சுமையே கூடுகிறது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முதல் நாளிலேயே கூறுங்கள்.

பெற்றோர்களே, பெறுபேற்று அறிக்கை வரும்வரை காத்திராது, இன்றிரவு உணவு வேளையில் பிள்ளையுடன் உரையாடுங்கள். வெறுமையான இருக்கை மீண்டும் நிரம்புவதற்கு அதுவே முதற்படி.