பொது மென்பொருளும் புதுப் பதிப்பும்: எமது வாலிபர் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினி மென்பொருளைப் பற்றியது. "இது படிக்கிற பிள்ளைகளின் விஷயம், எங்களுக்கேன்?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம். பலர் கூடிச் செய்யும் பொதுக் காரியத்தைக் குறித்த நாளில், குறைவின்றி, ஊரவர் கையில் ஒப்படைப்பது எப்படி என்பதே இப்பேச்சின் உட்பொருள். அது வன்னி மக்களாகிய எமக்குப் புதியதன்று.

மென்பொருளில் இரு வகை உண்டு. ஒன்று, ஆக்கியவர் தம் செய்முறையைப் பூட்டி வைத்துக்கொண்டு பயனை மாத்திரம் பிறருக்கு விடுவது. மற்றது, செய்முறை முழுவதையும் திறந்து வைத்து, யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று விடுவது. நல்ல விதைநெல்லை அயலவனுக்கும் அளந்து கொடுக்கும் கமக்காரனின் வழக்கம் போன்றது இது. இதனையே திறந்த மூல மென்பொருள் என்கிறோம்.

இதற்கு உதாரணம் தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி கடல் எழுந்து வந்ததை இம்மண்டபத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டுமா? முல்லைத்தீவுக் கரையிலே குடும்பம் குடும்பமாக மாண்டனர். இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். யார் இறந்தார், யார் எந்த முகாமில் இருக்கிறார், எங்கே அரிசி போயிற்று, எங்கே போகவில்லை என்பவற்றை ஓரிடத்தில் அறிய வழி இருக்கவில்லை. அந்நாட்களிலே கொழும்பில் மென்பொருள் வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடி, லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசன் என்னும் அமைப்பின் ஆதரவுடன் ஒரு மென்பொருளை எழுதினர். அதன் பெயர் 'சகன'. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகியவை அதன் அங்கங்கள்.

அவசரத்தில் எழுதியது அவசரத்துக்கு உதவிற்று. ஆயினும் வேறொரு நாட்டில், எழுதியவர் பக்கத்தில் இல்லாத இடத்தில், முன்பின் அறியாதவர் அதனைப் பயன்படுத்த வேண்டுமாயின் அந்த வேகம் மட்டும் போதாது. எனவே சுவீடன் அரசின் உதவி நிறுவனம் அளித்த பொருளுதவியுடன் 2005இல் அதனை அடியிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினர். 2005இல் பாக்கிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006இல் பிலிப்பைன்ஸில் மலை சரிந்தபோதும், அவ்வாண்டே இந்தோனேசியாவில் நிலம் அதிர்ந்தபோதும், 2010இல் ஹெயிட்டி நாடு இடிந்து வீழ்ந்தபோதும் சகன பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரின் சமூகப் பயன் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. எமது கரையையும் அழித்த கடலால் பிறந்த ஒரு கருவி பிறர் துயர் துடைக்கப் போனதென்பது சிறிய செய்தியன்று.

இனி, புதுப் பதிப்பு வெளியிடுதல் என்றால் என்ன? உலகின் பல மூலைகளிலும் இருந்து நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் திருத்தங்களை அனுப்பிக்கொண்டே இருப்பர். இன்றைய திருத்தம் நேற்றைய திருத்தத்தைக் கெடுக்கவும் கூடும். இப்படி ஓடிக்கொண்டே இருப்பதை ஒரு நாளில் நிறுத்தி, சோதித்து, எண்ணிட்டு, "இதனை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதே வெளியீடு. அதற்கென ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். பல வேளைகளில் அவர் புதிதாக ஒரு வரியும் எழுதுவதில்லை. "இந்தத் திகதிக்குப் பின் புதியன சேர்ப்பதில்லை, பிழை திருத்தம் மாத்திரமே" என்று சொல்லி, அச்சொல்லில் நிற்பதே அவர் வேலை.

கிளிநொச்சிக் கமக்காரருக்கு இது எளிதில் விளங்கும். சிறுபோகத்துக்கு முன் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளும் அமர்ந்து, இரணைமடுவில் நிற்கும் நீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் துருசு திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது என்று தீர்மானிக்கின்றனர். கடைசி நாளுக்குப் பின் ஒருவர் விதைத்தால் அவருடைய பயிருக்காக எல்லோருடைய நீரும் நீள வேண்டும். திகதியை மதியாதவர் அயலவனின் போகத்தையே கெடுக்கிறார். மென்பொருளிலும் அப்படியே. கடைசி இரவில் ஆசையோடு செருகிய ஓர் அழகான வசதி, முகாமிலே பெயர்ப் பதிவு முழுவதையும் நிறுத்திவிடக் கூடும்.

பெரிய திட்டங்கள் இதனை எவ்வளவு பொறுமையாகச் செய்கின்றன என்று பாருங்கள். டெபியன் என்னும் இயங்குதளம் 1993இல் தொடங்கியது, தொண்டர்களாலேயே நடப்பது. அதன் 13ஆம் பதிப்புக்கான நிறுத்தத்தை 2025 பங்குனி நடுவில் தொடங்கினர். சித்திரையில் ஒரு படி, வைகாசியில் ஒரு படி, ஆடியில் ஒரு படி என்று கதவை மெல்ல மெல்லச் சாத்தி, ஆவணி 9ஆம் திகதி வெளியிட்டனர். ஏறத்தாழ எழுபதினாயிரம் மென்பொருட் பொதிகள் அதில் அடங்கின. ஐந்து மாதம் காத்திருக்கும் அடக்கம் இல்லாவிடின் அத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்குமா?

பொறுமையைப் போலவே விழிப்பும் வேண்டும். 2024இல் நடந்ததைக் கேளுங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருள் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைக் கவனித்து வந்தவர் பெரும்பாலும் ஒரே ஒரு தொண்டர். களைத்துப்போன அவருக்கு உதவ வந்தவர்போல் ஒருவர் வந்து, ஈராண்டுக்கு மேல் நல்ல வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பதிப்பை வெளியிடும் உரிமையையும் பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் கள்ளத் திறப்பொன்றை ஒளித்து வைத்தார். அதன் ஒரு பகுதி எல்லோரும் பார்க்கும் மூலத்தில் இல்லை. வெளியிட்ட பொதியில் மட்டுமே இருந்தது. அண்டிரஸ் ஃபுரொயிண்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியில் ஒரு வேலை அரை விநாடி தாமதிப்பது ஏன் என்று தேடிப்போய் அதனைக் கண்டுபிடித்து, பங்குனி 29ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். சோதனைப் படியில் இருந்த பதிப்புகளிலேயே அகப்பட்டமையால் டெபியனின் நிலைத்த பதிப்பு தப்பியது. பொதுக் காரியத்தின் முழுப் பாரத்தையும் ஒருவர் தோளில் விட்டுவிட்டு மற்றவர் வீட்டிலிருந்தால் என்ன வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி எமது மொழிக்கு வருவோம். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாகப் பல திட்டங்களில் சொல் நிறுத்தம் என்று ஒன்று உண்டு. திரையில் தோன்றும் சொற்களை அதன் பின் மாற்றுவதில்லை. அந்த இடைவெளி மொழிபெயர்ப்பாளருக்காகவே விடப்படுவது. அதற்குள் தமிழ் முடிந்தால் பதிப்பு தமிழோடு போகும். முடியாவிட்டால் தமிழ் இல்லாமலே போகும். நமக்காக ஒருவரும் நாளை நீட்டமாட்டார்கள். வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் தானாக வந்து சேர்வதில்லை. அந்த வயற்காரன் மண்வெட்டியோடு வரம்பில் நின்றால்தான் வரும்.

வந்த தமிழும் எந்தத் தமிழ் என்று பார்க்க வேண்டும். இங்கே கிராம அலுவலர், உலர் உணவு, திகதி, சங்கக்கடை என்று வழங்குகிறோம். வேறு நாட்டிலிருந்து மொழிபெயர்ப்பவர் தம் ஊர்ச் சொல்லையே இடுவார். அது அவர் குற்றமன்று. பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்நாட்டு முறையில் எழுதிய படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். எமக்கோ தந்தை பெயர்தான் முன்னே நிற்பது. தந்தைக்கு ஒரு முதற்பெயர், மகனுக்கு இன்னொன்று. ஒரே குடும்பம் பதிவேட்டிலே இரு குடும்பமாகிவிடும். இடப்பெயர்வையும் முகாமையும் காணாமற்போனோர் பட்டியலையும் கண்ட மண்ணில், ஒரு பெயர் தவறாகப் பதிவதன் வலி என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 மார்கழி வெள்ளத்திலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கினர். அடுத்த வெள்ளம் வருமுன் செய்ய வேண்டிய வேலை இது.

ஆகவே வாலிப நண்பர்களே, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, மொழிபெயர்ப்புக் குழு ஒன்றை அமையுங்கள். அதில் இளைஞர் தட்டெழுதட்டும். பெரியோர் சொல்லை நிறுத்துப் பார்க்கட்டும். இரண்டாவது, புதுப் பதிப்பு வெளிவருமுன் அதன் சோதனைப் பதிப்பை எடுத்து, எமது பெயர்களாலும் எமது ஊர்களாலும் நிரப்பிப் பாருங்கள். பிழை கண்டால் எங்கே, எப்போது, என்ன செய்தபோது நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். பழைய கணினியும் மலிவான கைத்தொலைபேசியும் இவ்வேலைக்குப் போதும். மூன்றாவது, உங்களுள் ஒரு சிலராவது ஒருங்கிணைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஆவணி முதலாம் திகதி தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கற்க இடமில்லை என்ற நிலை இன்றில்லை.

இந்த ஆண்டு மலரையே எண்ணிப் பாருங்கள். கட்டுரைக்குக் கடைசித் திகதி, அச்சுப்படி திருத்தம், அதன்பின் ஓர் எழுத்தும் மாற்றுவதில்லை என்ற கட்டுப்பாடு ஆகிய யாவும் இதிலும் உண்டு. இந்த ஒழுங்கு எமக்குக் கைவந்ததே. அதனை மென்பொருளுக்கும் கொண்டு செல்வதே வேண்டுவது.

தேரை ஆயிரம் பேர் இழுப்பர். சில்லடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஆயினும் தேர் வீதியை விட்டு விலகாமல் இருப்பிடம் சேர்வது அவராலேதான். அந்த இடத்தில் நிற்க எமது வாலிபர் முன்வர வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.