மூவாயிரம் ரூபாய்ச் சட்டம்

(சால்ட் லேக்கில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டு வாடகையை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா என்பது இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். இந்தக் கூட்டத்தில் வாடகை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், வாங்குபவர்களும் இருக்கிறார்கள். மாடியை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் மருந்து மாத்திரை வாங்கும் பென்ஷன்தாரரும் நம்மவர்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கி, ஐந்தாவது செக்டரில் வேலைக்குச் சேர்ந்து, ஓர் அறையில் மூன்றாவது கட்டிலுக்கு வாடகை கொடுக்கும் பெண்ணும் நம் பெண்தான். ஆகவே ஒரு தரப்பின் கைதட்டலுக்காக நாம் இங்கே பேச முடியாது. இரு தரப்பும் ஏற்கக்கூடிய நியாயம் எது என்று தேட வேண்டும்.

சட்டம் இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. கோர்ட்டில் 'பிரிமைசஸ் டெனன்சி ஆக்ட்' என்று சொல்லும் மேற்கு வங்காளச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, 2001 ஜூலை 10 முதல் அமலுக்கு வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. இதன்படி வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். நியாய வாடகையை நிர்ணயிக்கும்படி ரென்ட் கண்ட்ரோலரிடம் மனுச் செய்யலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், அதைக் கண்ட்ரோலரிடமே கட்டிவிடலாம். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது?

இனி அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படியுங்கள். கல்கத்தா, ஹௌரா மாநகராட்சி எல்லைகளில் மாத வாடகை 6,500 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது. மற்ற இடங்களில் 3,000 ரூபாய்க்கு மேற்பட்டால் செல்லாது. சால்ட் லேக் எந்த எல்லையில் இருக்கிறது? 2015இல் அமைந்த பிதான்நகர் மாநகராட்சியின் எல்லையில். ஆகவே நமக்கு மூவாயிரம்தான். பிதான்நகர் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால், உல்டாடாங்கா பக்கம் 6,500. அங்கிருந்து ஆட்டோ ஏறிப் பாலம் தாண்டி வந்தால் 3,000.

மூவாயிரம் ரூபாய்க்குச் சால்ட் லேக்கில் ஒரு குடும்பம் இருக்கத்தக்க வீடு கிடைக்குமா? இங்குள்ள யாருக்கும் இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரம்புக்குள் அடங்கும் வீடே இங்கு இல்லை என்றால், சட்டம் புத்தகத்தில் இருந்து என்ன பயன்? வசதி படைத்தவர்களின் பங்களாவுக்கு இந்தப் பாதுகாப்பு எதற்கு என்ற எண்ணத்தில் போட்ட வரம்பு அது. இன்று அது பங்களாவை மட்டுமல்ல, குமாஸ்தாவின் இரண்டு அறையையும் வெளியே தள்ளிவிட்டது.

வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு என்ன கதி? அவர்களுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம்தான். மாதவாடகைக்கு இருப்பவரை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறச் சொல்லலாம் என்கிறது அது. ஒப்பந்தம் எழுதினால் பதினொரு மாதம். ஏன் பதினொன்று? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். பன்னிரண்டாவது மாதம் பிறந்தால் வாடகை ஏறும். அல்லது பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டும். மறுபடி தரகர், மறுபடி அட்வான்ஸ், மறுபடி பிள்ளைகளின் பள்ளிக்கூட வண்டிக்கு வழி. ஊர்விட்டு வந்தவர்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. வங்காளி குடித்தனக்காரருக்கு அக்கம்பக்கத்தில் ஒரு மாமன், ஒரு பள்ளித் தோழன், ஒரு பாடா கிளப் இருக்கும். நமக்கு யார் இருக்கிறார்கள்?

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு 1920இல் கல்கத்தாவுக்கு வாடகைச் சட்டம் வந்தது. இரண்டாவது போரின்போது, பஞ்சம் தலைவிரித்தாடிய 1943இல் மறுபடி கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்து மக்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் இருந்தது. அந்தத் தற்காலிகம் 1956ஆம் ஆண்டுச் சட்டமாகி நிலைத்துவிட்டது. அது செய்த நன்மையை நாம் மறுக்கக் கூடாது. லேக் மார்க்கெட்டிலும் ராஷ்பிஹாரி அவென்யூவிலும் குடியேறிய நம் முன்னோர், கம்பெனிக் குமாஸ்தா சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்ததில், ஏறாத வாடகைக்கும் பங்கு உண்டு.

ஆனால் பிறகு என்ன நடந்தது? வாடகை நின்ற இடத்திலேயே நின்றது; சிமென்ட்டும் கொத்தனார் கூலியும் ஏறின. வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். வட கல்கத்தாவில் பழைய கட்டடம் இடிந்து விழுந்த செய்தி மழைக்காலந்தோறும் பத்திரிகையில் வருகிறது. வாடகை ஏறாத இடத்தில் 'செலாமி' ஏறியது. ரசீதில் வராத அந்த மொத்தப் பணத்தைக் கொடுக்க முடிந்தவனுக்குத்தான் வீடு. பழைய குடித்தனக்காரரின் வாரிசுக்குப் பாதுகாப்பு. புதிதாக ஊருக்கு வந்த தொழிலாளிக்குக் கதவு சாத்தல். பம்பாயிலும் இதே கதைதான்; செலாமிக்கு அங்கே பகடி என்று பெயர். 1940ஆம் ஆண்டு அளவிலேயே வாடகையை நிறுத்தி வைப்பது இனி நியாயமாகாது என்று, பம்பாய் வாடகைச் சட்டத்தைப் பற்றி 1997 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிற்று.

தோழர்களே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கல்கத்தாவில் வாடகை என்ற எண் அசையாமல் நின்றது, வீடு இடிந்தது. சால்ட் லேக்கில் வரம்பு என்ற எண் அசையாமல் நின்றது, சட்டம் இடிந்தது. நோய் ஒன்றுதான். விலைவாசி ஓடிக்கொண்டிருக்கும் நாட்டில் ரூபாய்க் கணக்கை ஆணியடித்து வைத்ததுதான் அந்த நோய்.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் பஞ்சப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறுகிறது. யாருடைய தயவினால் ஏறுகிறது? தொழிலாளர் நுகர்வோர் விலைவாசிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து ஏறுகிறது. தொழிற்சங்கங்கள் போராடி வாங்கிய ஏற்பாடு அது. வீட்டு வாடகைப்படியும் அதை ஒட்டியே போயிற்று. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017இல் கல்கத்தா போன்ற பெருநகரங்களுக்கு 24 சதவீதம். பஞ்சப்படி 25ஐத் தாண்டியதும் 2021இல் 27. 50ஐத் தொட்டதும் 2024இல் 30. சம்பளத்துக்கு ஒரு குறியீடு இருக்கும்போது வாடகைக்கு ஏன் இருக்கக் கூடாது? நிரந்தர ஊழியருக்காவது இந்தப் படி இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு, ஆஸ்பத்திரி நர்சுக்கு, கடைச் சிப்பந்திக்கு எந்தப் படி இருக்கிறது? அவர்களுக்கு வாடகை ஏறுவது மட்டும் நிச்சயம். சம்பளம் ஏறுவது நிச்சயமில்லை.

ஆகவே வாடகையைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு நம் பதில் இது: வாடகையை ஆணியடித்து நிறுத்த வேண்டாம், அது ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: 6,500, 3,000 என்ற ரூபாய் வரம்புகள் போக வேண்டும். வரம்பு வேண்டும் என்றால், கல்கத்தாவுக்கும் பிதான்நகருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆண்டுதோறும் குறியீட்டோடு அது உயரட்டும்.

இரண்டு: புதிதாகக் குடிவரும்போது வாடகையை இருவரும் பேசி முடிவு செய்யட்டும். ஆனால் அதே குடித்தனக்காரர் இருக்கும்வரை ஆண்டு உயர்வு விலைவாசிக் குறியீட்டைத் தாண்டக் கூடாது. பதினொரு மாதக் காகிதத்தைப் புதுப்பிக்கும்போதும் இதே விதி.

மூன்று: இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மத்திய அரசு 2021 ஜூனில் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்திலேயே வீடுகளுக்கு இரண்டு மாதம்தான். பத்து மாத அட்வான்ஸ் வழக்கமாக இருந்த சென்னையில்கூட, 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாதிரிச் சட்டத்தில் அட்வான்சுக்கு வரம்பு இருக்கிறது, வாடகை உயர்வுக்கு வரம்பு இல்லை. மாநில அரசு ஏற்றால்தான் அது நடைமுறைக்கும் வரும்.

நான்கு: இது வீட்டுக்காரருக்காக. மகன் குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும் என்று நியாயமாகக் கேட்பவருக்குக் குறிப்பிட்ட மாதங்களுக்குள் தீர்ப்புக் கிடைக்க வேண்டும். வழக்குப் போட்டவர் காலம் முடிந்து, வாரிசு வந்து வாய்தா வாங்கும் நிலைமை இருந்தால், எந்தப் பென்ஷன்தாரர் துணிந்து வீட்டை வாடகைக்கு விடுவார்? பூட்டிக் கிடக்கும் வீடு யாருக்கும் உதவாது.

கட்டுப்பாடு வந்தால் வாடகை வீடே கிடைக்காது என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பெர்லின் நகரம் 2020 பிப்ரவரியில் வாடகையை ஐந்தாண்டுக்கு நிறுத்தி வைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வாடகை குறைந்தது. புதிதாக வாடகைக்கு வந்த வீடுகளும் வெகுவாகக் குறைந்தன. மாகாணத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2021 ஏப்ரலில் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாம் கேட்பது நிறுத்தி வைப்பது அல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் எந்தச் சட்டமும் செங்கல் சுமக்காது. வீடு பெருக வேண்டும் என்றால் யாராவது கட்டியாக வேண்டும். அதில் அரசாங்கத்துக்குப் பொறுப்பு இல்லையா?

சால்ட் லேக்கில் இந்தக் கேள்வியை உரிமையோடு கேட்கலாம். இந்த மண்ணே அரசாங்கம் உண்டாக்கியது. பேரி என்று வங்காளிகள் சொல்லும் மீன் ஏரிகள் இருந்த இடம் இது. டாக்டர் பி.சி. ராய் முதலமைச்சராக இருந்த 1962இல், ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து நிரப்பத் தொடங்கினார்கள். யூகோஸ்லாவியக் கம்பெனி வேலையை எடுத்தது. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் தோஷ்கோவிச் நகரத்தைத் திட்டமிட்டார். மனைகளை விலைக்கு விற்காமல் 999 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். ஏன்? நடுத்தர மக்கள் குடியிருக்க வேண்டும், மனை வியாபாரச் சரக்காகக் கூடாது என்பதற்காக. அந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் தேய்ந்தது. 2012இல் கட்டணம் வாங்கிக்கொண்டு கைமாற்ற அரசே வழிவிட்டது.

அதன் மேல் பொதுப்பணம் கொட்டப்பட்டது. 1984இல் ஸ்டேடியம் வந்தது. மின்னணு வளாகம் வளர்ந்தது. 2020 பிப்ரவரியில் ஐந்தாவது செக்டரிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கி, 2025 ஆகஸ்டில் ஹௌரா வரை நேராக இணைந்தது. ரயில்வேக்காரர்களாகிய நாம் அதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் ரயில் வந்ததும் வாடகை ஏறுகிறதே, அந்த ஏற்றம் யாருடைய உழைப்பு? வீட்டுக்காரர் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. மக்கள் வரிப்பணம் தந்த லாபத்தில் ஒரு பங்கு மக்கள் குடியிருக்க வீடாகத் திரும்ப வேண்டாமா?

இது நடக்காத காரியம் அல்ல. வியன்னா நகராட்சி 1923க்கும் 1934க்கும் இடையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகளைத் தானே கட்டியது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி, பணக்காரர் மீது அதிகமாக விழும்படி போட்ட வீட்டு வரியிலிருந்து வந்தது. நம் நாட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்ன? அரசாங்கமே வீட்டுக்காரராக இருக்கும் ஏற்பாடுதானே! இந்தச் சால்ட் லேக்கிலேயே லாவணி, கருணாமயி, பூர்வாசல் என்று அரசு கட்டிய குடியிருப்புகள் நிற்கின்றன. புலம்பெயர்ந்த தொழிலாளிக்கு வாடகை வீடு என்று மத்திய அரசு 2020 ஜூலையில், கொரோனா அடிபட்ட பிறகு, ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2024இல் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீட்டுக்கு இடம் வைத்தது. ஐந்தாவது செக்டரையும் நியூ டவுனையும் சுற்றி அரசு கையில் இருக்கும் நிலத்தில் அதைக் கட்டுங்கள் என்று கேட்கிறோம்.

கடைசியாக, நாம் செய்ய வேண்டியது. சர்க்காரிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சரி செய்வோம். இந்தச் சங்கத்தில் வீடு விடும் உறுப்பினர் எவரும் இரண்டு மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதில்லை, ரசீது இல்லாமல் வாடகை வாங்குவதில்லை, என்ன ஜாதி, என்ன சமையல் என்று கேட்டு வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை என்று இன்று தீர்மானம் போடுவோம். கசப்பாக இருக்கலாம். ஆனால் நம் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடாத மனுவைப் பிதான்நகரில் யார் மதிப்பார்கள்?

குடித்தனக்காரர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒப்பந்தக் காகிதத்தையும் கிடைத்த ரசீதுகளையும் நகல் எடுத்துக் கொண்டு வாருங்கள். பெயரை மறைத்து, எத்தனை மாதத்தில் எவ்வளவு ஏறியது என்று ஒரு பட்டியல் தயாரிப்போம். வங்காளத்திலும் தமிழிலும் எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடமும் மாநில வீட்டு வசதித் துறையிடமும் கொடுப்போம். பட்டியல் நம்முடையது மட்டுமாக இருக்க வேண்டாம். பக்கத்து அறையில் இருக்கும் ஒடியாக்காரரும் பீகாரியும், கேஷ்டோபூரிலிருந்து நடந்து வரும் வங்காளித் தொழிலாளியும் இதே பதினொரு மாதத்தில்தான் வாழ்கிறார்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள். மூவாயிரம் ரூபாய்ச் சட்டத்தை மாற்றும் வேலை அந்தக் காகிதங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.